கால் விரலில் வைத்த மை

என் தங்க மகள் காஞ்சனாவுக்கு அம்மா எழுதுவது. அங்கே சரவாக்கில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன், உன் தங்கச்சியும் இந்த நேரம் வரைக்கும் இருக்கிறாள். எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் பள்ளிக்கூடத்துப் பக்கம் லைன் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பாதியில் அறுந்துபோகிறது, அதனால்தான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் டீச்சர் அம்மா திட்டாதே.

தம்பி போனதை அப்பா உனக்குச் சொல்லிவிட்டார். மாதம் முடியாமல் பிறந்த இரட்டைப் பிள்ளையில் அவன்தான் கொஞ்சம் தேறியவன், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டாக்டர்மார் ஓடி வந்து அவனை வைத்திருந்த இன்குபேட்டர் பெட்டியைச் சுற்றி நின்றார்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தது அவ்வளவுதான். அப்பா துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்ப் பாடாங் செராயில் அடக்கம் செய்துவிட்டு வந்தார். எனக்கு அழுகை வரவில்லை காஞ்சனா. தங்கச்சிக்குப் பால் எடுக்க வேண்டும் என்று நர்ஸ் கூப்பிட்டதும் எழுந்து போனேன்.

இப்போது தினமும் இதுதான். காலையில் அப்பா மோட்டாரில் கொண்டுவந்து விட்டுவிட்டு எஸ்டேட் வேலைக்குப் போகிறார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினால்தான் உள்ளே விடுவார்கள். பெட்டியின் ஓட்டை வழியாகக் கை விட்டுச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கலாம், தடவக் கூடாது, தோல் தாங்காதாம். மூக்கில் குழாய், தொப்புளில் குழாய். நான் எடுத்துக் கொடுக்கும் பாலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டு அழகம்மா வந்தாள். மகளுக்குக் கல்யாணம் பண்ற வயசுல உனக்கு ரெட்டைப் புள்ளையான்னு ஊரே வாயப் பொளந்துச்சு, அந்தக் கண்ணுதான் ஒண்ணக் கொண்டுபோயிருச்சு, இருக்கிறதையாவது காப்பாத்துலா என்று சொல்லிக் கண்மையை என் கையில் திணித்தாள். பிள்ளை முகம் முழுக்கப் பிளாஸ்திரி, பொட்டு எங்கே வைப்பது. யாரும் பார்க்காத நேரமாகக் கால் விரலில் தொட்டு வைத்தேன். அத்தனை சின்ன விரல், ஒன்றில் வைத்தது பக்கத்து விரல்களிலும் ஒட்டிக்கொண்டது.

பால் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் டாக்டர்மார் தங்கச்சி பெட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். தம்பிக்கு நின்ற மாதிரியே. கையில் இருந்த பால் கொட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. தொப்புளில் குழாய் போட்ட பிள்ளைக்குக் கால் விரல் கறுத்தால் ரத்தம் ஓடவில்லை என்று அர்த்தமாம், எனக்கு அது எங்கே தெரியும். டாக்டர் விரலைக் காட்டியபோதுதான் புரிந்தது, மை என்று சொல்ல வார்த்தை தேடுகிறேன். தெரிந்த மலாயும் மறந்துபோனது. என் கண்ணைக் காட்டினேன், பிள்ளை காலைக் காட்டினேன். நர்ஸ் ஜரீனாவுக்குத்தான் புரிந்தது, பெண்டாங்கில் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். ஈரப் பஞ்சால் துடைத்தாள், கறுப்பு போய் விரல் சிவப்பாகத் தெரிந்தது. எங்க உசுரே போயிருச்சுக்கா, இனிமே மை வைக்கணும்னா எனக்கு வைங்க, என்னையத்தான் மாப்பிள்ளை வூட்ல பாக்க வர்றாங்க என்றாள். டாக்டரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். தம்பிக்கும் அது துடைத்தால் போகிற கறுப்பாக இருந்திருக்கக் கூடாதா காஞ்சனா.

மறுநாள் போனால் பெட்டிக்கு வெளிப்பக்கம் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. ஜரீனா ஒட்டியிருக்கிறாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

நீ லீவு கேட்டு அலையாதே, வந்தாலும் பெற்றவர்களைத் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்கள். படகில் பள்ளிக்கூடம் போகும்போது அந்த மிதவைச் சட்டையைக் கட்டாயம் போட்டுக்கொள். குலசாமி உன் கூடவே இருக்கட்டும், நீ நல்லாயிரு கண்ணு. ஒன்றை மட்டும் மறக்காதே. பெட்டியில் இன்னும் என் பெயரைப் போட்டுப் பரஞ்சோதியின் பிள்ளை என்றுதான் ஒட்டியிருக்கிறார்கள். தம்பியையும் அப்படித்தான் மண்ணுக்கு அனுப்பினோம். நீ படித்தவள், நல்ல பெயராகப் பார்த்து எழுது. தங்கச்சிக்கு மட்டும் எழுதிவிடாதே, இரண்டு பெயர் எழுது.

உன் அம்மா
பரஞ்சோதி தர்மலிங்கம்