அம்மா நிற்கும் படம்

மார்ச் 3

அக்காவின் ஓவியங்கள் வந்து இறங்கின. பல வருடங்களுக்குப் பிறகு அவளுடைய கண்காட்சி, அதுவும் என் கேலரியில். தெற்காசிய ஓவியர்களுக்கென்று நான் நடத்தும் இந்த இரண்டு அறைக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? கடைசிப் பெட்டியைப் பிரிக்கும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

சுவரை அடைக்கும் கான்வாஸ். சாப்பாட்டு மேஜை. கையை ஓங்கியபடி அப்பா. மூலையில், விரல் நீளத்துக்கு அம்மா.

அப்பா போய் ஒரு வருடம்தான் ஆகிறது. அவரிடம் வைத்தியம் பார்த்தவர்கள் இன்னும் அவரைத் தெய்வம் என்கிறார்கள்.

மார்ச் 5

அக்காவே தம்பிக்குப் படத்தைப் போனில் அனுப்பியிருக்கிறாள். அவன் என்னிடம் பாய்ந்தான். "செத்த மனுஷனைச் சந்தியில நிறுத்துறீங்களா, சின்னக்கா? அது அங்க இருந்தா நான் வாசப்படி மிதிக்க மாட்டேன். அம்மாவையும் அனுப்ப மாட்டேன்." அம்மா அவனோடுதான் இருக்கிறாள்.

மாட்டியதைக் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டேன். கோழை.

மார்ச் 6

படத்தைக் கழற்றியதைச் சொன்னேன். அக்கா கத்தவில்லை. "எடுக்கிறதா இருந்தா எல்லாத்தையும் எடுத்துடு."

நான் என்னதான் செய்யறது? ரெண்டு பக்கமும் என் ரத்தம்தானே?

மார்ச் 8

நாளை திறப்பு. மதியம் வாசலில் டாக்சி. அம்மா — தனியாக!

"மூணு பேரும் அடிச்சுக்கிறீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? காட்டு."

நானும் அக்காவும் தூக்கி வந்து சுவரில் சாய்த்தோம். அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"அவர் சரியாத்தான் இருக்கார். என்னை ஏண்டி இவ்ளோ சின்னதாப் போட்ட?"

"அப்போ எனக்கு அப்படித்தாம்மா தெரிஞ்சுது" என்றாள் அக்கா.

"நீ எங்க பார்த்த? நீங்க மூணு பேரும் என் முதுகுக்குப் பின்னாலதானே நின்னீங்க."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அழுதேன், இந்த வயசுல, விசும்பி விசும்பி. அம்மா அழவில்லை.

"மாட்டுங்க. நடுச் சுவத்துல."

மார்ச் 9

நல்ல கூட்டம். தம்பி வரவில்லை.

மார்ச் 29

கடைசி நாள். படத்தை ஓர் அருங்காட்சியகம் எடுத்துக்கொள்கிறது. விளக்கை அணைக்கும் நேரத்தில் தம்பி வந்தான். வெகுநேரம் அதன் முன்னால் நின்றான்.

"எனக்கு அப்பா முகமே ஞாபகம் இல்ல, சின்னக்கா. அம்மா முதுகுதான் ஞாபகம் இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தான். விளக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 11

அம்மா ஒரு மாதம் அக்கா வீட்டில் இருக்கப் புறப்பட்டாள். அக்கா அவளைப் புதிதாக வரையப் போகிறாளாம், ஆளுயரத்துக்கு. தம்பிதான் பெட்டியைத் தூக்கிப் போய் ரயிலேற்றிவிட்டான். பிளாட்ஃபாரத்தில் நின்று அவனே அக்காவுக்குப் போன் போட்டான்.

"ரொம்ப நேரம் நிக்க வைக்காதக்கா. அம்மாவுக்கு முழங்கால் வலி."