ஏரி வீட்டின் பதினெட்டுக் குற்றங்கள்

மார்ச் 9, ஞாயிறு
(சாப்பாட்டு மேசையில் வைத்தது)

மதிப்புக்குரிய வீட்டுக்கார அம்மாவுக்கு,

வணக்கம். இரண்டு நாள் உங்கள் ஏரி வீட்டில் சுகமாக இருந்துவிட்டுக் கிளம்புகிறோம். சாவி நீங்கள் சொன்ன பூந்தொட்டிக்கு அடியிலேயே இருக்கிறது.

நாங்கள் மூவரும் வடிவமைப்புக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். எங்களில் ஒருவன் கட்டடம் வரைகிறான், ஒருத்தி நாற்காலிகள் வடிவமைக்கிறாள், நான் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன். வருஷத்துக்கு ஒரு முறை அவரவர் குடும்பத்தை விட்டுவிட்டு இப்படி எங்காவது போய்த் தொண்டை வற்றும்வரை வடிவம், வண்ணம் என்று பேசித் தீர்ப்போம். எங்கள் கை சும்மா இருக்காது. சனிக்கிழமை முழுக்க மழை வேறு.

அதனால் உங்கள் வீட்டைச் சற்று ஒழுங்கு செய்திருக்கிறோம். கூடத்து நடுவில் நின்ற பச்சை வாளி, தரையில் கிடந்த சாக்குத் துண்டுகள், அடுக்களைக் கதவின் கைப்பிடியில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப், இன்னும் இப்படிக் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் பின்னறையில் அடுக்கிவிட்டோம். அந்தச் சுவர்க் கடிகாரம் போட்ட சத்தத்தில் பேசவே முடியவில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறோம். இப்போது கூடம் மூச்சு விடுகிறது. பார்த்து அசந்துபோவீர்கள். இது எங்கள் அன்பளிப்பு.

நன்றியுடன்,
அட்டை போடுகிறவள்


மார்ச் 12

வீட்டில் தங்கிப் போன அம்மாவுக்கு,

பதிவேட்டிலிருந்து முகவரி எடுத்தேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியபடி நான் அசந்துதான் போனேன். என் அண்ணன் விழுந்தே போனார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருஷமாகப் பார்வை மங்கிக்கொண்டே வந்து, இப்போது சுத்தமாக இல்லை. கொஞ்சம் தெரிந்த காலத்திலேயே தனக்கு வேண்டிய அடையாளங்களைத் தானே ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டார். கால் வாளியில் இடித்தால் இடது பக்கம் திரும்புவார். சாக்கு மிதிபட்டால் இரண்டு எட்டில் குளியலறை. கடிகாரச் சத்தம் வரும் பக்கம் வாசல். விருந்தினர் வரும் வாரங்களில் வெள்ளிக்கிழமையே வீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு இருவரும் என் மகள் வீட்டுக்குப் போய்விடுவோம். யாரும் பரிதாபப்படுவது அவருக்குப் பிடிக்காது என்று உங்களிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு.

முழங்காலில் சிராய்ப்புதான், பெரிய அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான்தான் எடுத்துத் தர வேண்டியிருக்கிறது. “இது யார் வீடுன்னே தெரியலம்மா எனக்கு” என்றார். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் தையற்கடைக்காரி. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். எது எங்கே இருந்தது என்று அளந்தா பார்த்தேன்? நினைவில் இருந்தபடி திரும்ப வைத்தேன், எல்லாம் அரை அடி, ஒரு அடி தள்ளிப் போய், அவர் எதிலும் நம்பிக்கையாகக் கால் வைப்பதில்லை. பொத்தான் பார்க்க நன்றாக இல்லை என்று பிய்த்துவிட்டுச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

கை வைப்பதற்கு முன்னால் எடுத்த படம் ஏதாவது இருந்தால் உடனே அனுப்புங்கள்.

வீட்டுக்காரி


மார்ச் 16

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பொருள் என்றால் முதலில் பயன்பட வேண்டும் என்று நாங்கள் மூவரும் பேசாத மேடையில்லை. நாற்காலிக்காரி கல்லூரியில் அதையே பாடமாக நடத்துகிறாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

படங்கள் நூற்று நாற்பது இருக்கின்றன. கண்ணை உறுத்தியவை எதுவும் விழாதபடி கவனமாக எடுத்திருக்கிறோம். எல்லாவற்றிலும் ஜன்னலும் ஏரியும்தான். ஒன்றே ஒன்றில் வாளியின் கைப்பிடி பாதி தெரிகிறது.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. இரண்டு நாள் அதை உங்களிடம் மறைக்கப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கியதும், எங்கள் கட்டடக்காரன் உங்கள் வீட்டைப் படமாக வரைந்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அங்குலம். கேலிப் படம் வரைவதென்றாலும் டேப்பால் அளக்காமல் வரைய மாட்டான். தலைப்பு, ‘ஏரி வீட்டின் பதினெட்டுக் குற்றங்கள்’. ஒவ்வொரு பொருளும் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று குறித்திருக்கிறான். பக்கத்தில் கேலி எழுதியது நான். இரவு சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. இப்போது படித்தால் வேறு மாதிரி வலிக்கிறது.

கேலியை அழித்துவிட்டு நகல் எடுத்து அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். மனசு ஒப்பவில்லை. உள்ளதை உள்ளபடியே அனுப்புகிறேன். என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு மட்டும் அதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

வெட்கத்துடன்,
அட்டைக்காரி


மார்ச் 24

அன்புள்ள தங்கைக்கு,

படம் கடைக்குத்தான் வந்து சேர்ந்தது. நின்றபடியே படித்தேன். கையில் கத்தரிக்கோல் இருந்தது, படம் தப்பியது அதன் அதிர்ஷ்டம். ‘குற்றம் 4: பச்சை வாளி. உள்ளே தண்ணீரும் இல்லை, வெட்கமும் இல்லை.’ ‘குற்றம் 11: கைப்பிடியில் சைக்கிள் டியூப். சைக்கிளை எங்கே கட்டி வைத்திருக்கிறார்கள்?’ நன்றாக இருக்கிறதம்மா உன் எழுத்து.

ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்து அளந்து பதினெட்டையும் வைத்தேன். காகிதம் சலசலப்பதைக் கேட்டு அண்ணன் என்னவென்று கேட்டார். வீட்டுப் படம் என்றேன். “என்னமோ எழுதியிருக்குல்ல, படி” என்றார். நானும் எவ்வளவோ மழுப்பிப் பார்த்தேன். விடவில்லை. படித்தேன்.

நாலாவது குற்றத்தில் சிரித்தார். விழுந்த பிறகு அன்றைக்குத்தான் சிரிக்கிறார். பதினொன்றில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முழுவதையும் இரண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எத்தனையோ பேர் வந்து தங்கிட்டுப் போனாங்க. நான் வச்சதை ஒண்ணு விடாம எண்ணிப் பாத்தது இவங்க மட்டும்தாம்மா.”

பிறகு கட்டிலை விட்டு இறங்கினார். இப்போது நடக்கும்போது பஸ் நிறுத்தம் மாதிரி எண்களைக் கூவிக்கொண்டு போகிறார். “நாலு தாண்டியாச்சு, அடுத்தது ஏழு.” காலையில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன்.

ஒன்பதாவது குற்றம் மட்டும் இரண்டு அங்குலம் இடிக்கிறது. என் டேப் பழசு, நைந்துபோய் நீண்டிருக்கலாம். உங்கள் அங்குலத்திடம் சொல்லாதே, பாவம், தூக்கம் போய்விடும்.

பின்வாசலிலிருந்து ஏரிப் படி வரைக்கும் தனியாகப் போய்வர வேண்டும் என்று அண்ணனுக்கு ரொம்ப நாளாக ஆசை. அங்கே ஒரு அடையாளமும் இல்லை. பத்தொன்பதாவது குற்றத்தை உங்களையே செய்து எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார். அடுத்த மாதம் மூன்று பேரும் வாருங்கள். எங்களோடு தங்கலாம், இந்த முறை நாங்கள் மகள் வீட்டுக்குப் போகவில்லை. காலில் தட்டுப்பட வேண்டும், கையில் பிடிபட வேண்டும், சத்தம் கேட்டாலும் நல்லது. அழகாக மட்டும் எதையும் செய்து தொலைக்காதீர்கள்.

அன்புடன்,
உன் அக்கா