கறுப்பு அங்கிக்காரர் கெட்டவர் இல்லையாம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனா மூடியைக் கழற்றினேன். முதலில் என் எழுத்துக்கு மன்னிப்பு. வரிகள் மேடேறிப் போகின்றன என்று தாளைச் சாய்த்துப் பிடிக்காதே, எழுதியவன் நேராகத்தான் உட்கார்ந்திருந்தான். சில எழுத்துகள் பூசணிக்காய் போலவும் சில பட்டினி கிடந்தவை போலவும் இருக்கும், எல்லாம் ஒரே கையில் பிறந்தவைதான். இதுவரை உனக்கு வந்த என் கடிதங்களில் எழுத்து முத்து முத்தாக இருந்ததே, அது என்னுடையது இல்லை, பக்கத்து மருந்துக்கடைக்காரருடையது. கீழே போட்ட கையெழுத்துகூட அவருடையதுதான். உன் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதாவது ஐந்து மாதத்துக்கு முன்பு வரை தெரியாது. நீ வந்து என் பக்கத்தில் உட்காருவதற்குள் எழுத்தைக் கற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த வயதில் உன் முன்னால் பொய்யனாக மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில்தான் படிக்கவே தொடங்கினேன்.

பயத்தைக் கிளப்பியதும் நீதான். விடுமுறைக்கு வரும்போது அந்தப் பழைய கத்திச்சண்டைப் படத்தைக் கொண்டுவருகிறேன், முன்பு போலவே கீழே ஓடுகிற வரிகளை நீங்கள் என் காதில் படித்துச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாயே, மருந்துக்கடைக்காரர் அதைக் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு யாருக்கோ இருமல் மருந்து எடுக்கத் திரும்பிவிட்டார். மறுநாளே நூலகத்து மாடியில் மத்தியானம் நடக்கிற பெரியவர்கள் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன். டீச்சர் உன்னைவிடச் சின்னவள். ஆளுக்கு எதைப் படிக்க ஆசை என்று கேட்டாள். ரொட்டிக்கடை அம்மா மாத்திரைச் சீட்டு என்றாள், கொத்தனார் பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர் என்றார், நான் கத்திச்சண்டைப் படம் என்றேன். வகுப்பே சிரித்தது. இன்றுவரை அங்கே எனக்கு ராஜா என்றுதான் பேர், கடைசி பெஞ்சு ராஜா. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் நான் வகுப்புக்குக் கிளம்பும்போது மட்டும் அதிகமாகிவிடுகிறது. கடையில் சாணை மோட்டாருக்குப் புதுப் பட்டை போட்டாயிற்று.

எனக்குக் கத்திச்சண்டைப் படம் ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று நீ கேட்டதில்லை, நானே சொல்கிறேன். ஆறு நாள் அடுத்தவன் கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறவன் ஏழாம் நாளாவது அது எதற்காவது உதவுவதைப் பார்க்க வேண்டாமா. தையல்காரர் கத்தரிக்கோலும் ஓட்டல் வெங்காயக் கத்தியும் தீட்டித் தீட்டி மரத்துப்போன கைக்கு, பனிக்கட்டிக்குள் நூறு வருஷம் கிடந்த வாளைக் கதாநாயகன் ஒரே இழுப்பில் உருவும்போது சிலிர்த்துப்போகும். துருப்பிடித்திருக்குமே என்று மனசின் ஒரு மூலை முணுமுணுக்கும். வாளும் வாளும் மோதிப் பொறி பறந்தால் தியேட்டரே கைதட்டும், நான் மட்டும் ஐயோ வாய் மழுங்கிப்போச்சே என்று அங்கலாய்ப்பேன். பறக்கிற குதிரையை நம்பினேன், வீட்டைவிடப் பெரிய பறவையை நம்பினேன், மலையை இரண்டாகப் பிளக்கிற மந்திர வாளையும் நம்பினேன், அத்தனை சண்டைக்கும் ஒருவன்கூட வாளைச் சாணைக்குக் கொண்டுபோகாததை மட்டும் என்னால் நம்பவே முடியவில்லை.

அவர்கள் பேசுவது நமக்குப் புரியாத பாஷை, கீழே தமிழில் வரி ஓடும். நீ சின்னப் பிள்ளை, அவங்க என்னப்பா சொல்றாங்க என்று கேட்டாய். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடையில் எந்தக் கத்தரிக்கோல் யாருடையது என்று எழுதி ஒட்டத் தெரியாமல், சிவப்பு நூல் கட்டினால் தையல்காரர், பச்சை நூல் கட்டினால் முடிவெட்டுகிறவர் என்று அடையாளம் வைத்துத்தானே பிழைத்தேன், அதே வித்தையைத் தியேட்டரிலும் காட்டினேன். வெள்ளை அங்கி போட்டவன் நல்லவன், கறுப்பு அங்கி கெட்டவன், சிவப்பு அங்கி முன்கோபக்காரன். மீதியை வாய்க்கு வந்தபடி உன் காதில் ஊற்றினேன், நீயும் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாய்.

இரண்டு மாதத்துக்கு முன்பு டீச்சர் அந்தப் படத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வகுப்பில் கம்ப்யூட்டரில் போட்டாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்துவாள், நான் எழுத்துக் கூட்டி முடித்ததும் ஓட விடுவாள். இரண்டு மணி நேரப் படம் எட்டு மத்தியானம் ஓடியது. வில்லன் ஓங்கிய வாள் கீழே இறங்குவதற்குள் ரொட்டிக்கடை அம்மா ஒரு தூக்கம் போட்டு எழுந்தாள். அதில் நான் பட்ட அவமானத்தைக் கேள். மாடத்தில் நின்று ராணி, சாப்பாடு ஆறிப்போகிறது, சீக்கிரம் வா என்று கூப்பிடுகிறாள் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அவளோ, உன் தலையைக் கோட்டை வாசலில் தொங்கவிடுவேன் என்கிறாள். பாலத்துச் சண்டையை நிலத் தகராறு என்றேன், அது காதல் விவகாரமாம். நான் வாய்க்கு வாய் புகழ்ந்த வெள்ளை அங்கிக்காரன் சொந்த அண்ணனுக்கு விஷம் வைத்தவன். கறுப்பு அங்கிக்காரர் வேறு யாருமில்லை, கதாநாயகியைப் பெற்ற அப்பா. முகத்தை மறைத்துக்கொண்டு படம் முழுக்க அவளைக் காப்பாற்றிக்கொண்டே வருகிறார் மனுஷன். அவர் குத்துப்பட்டு விழுந்தபோது நான் உன்னைக் கைதட்டச் சொன்னேன்.

வகுப்பில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நானும்தான். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் பின் சீட்டுக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார். அந்தப் படத்தை மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ பார்த்த நாள், உனக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் போட்டியில் பென்சில் பெட்டி பரிசு வாங்கிய வாரம். அவர் குனிந்து, ஏங்க அங்க அப்படியா எழுதியிருக்கு என்று கேட்டார். நீ வெடுக்கென்று திரும்பி, எங்கப்பா சொல்றதுதான் சரி, நீங்க பேசாம படம் பாருங்க என்றாய். என் சாமர்த்தியத்தை நினைத்து அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். வாசிப்பில் பரிசு வாங்கிய பிள்ளைக்கு அந்த வரியைப் படிக்கத் தெரியாதா என்று யோசிக்க எனக்கு முப்பது வருஷமும் ஒரு டீச்சரும் தேவைப்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. “இப்பத்தான் விடிஞ்சுதா உங்களுக்கு? மூணாவது படிக்கும்போதே வந்து சொல்லிட்டா. அப்பாவுக்குப் படிக்கத் தெரியலம்மா, நமக்குத் தெரியும்னு அவர்கிட்ட காட்டிக்காதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் சாப்பிடவே உக்காந்தா” என்றாள். பிறகு போர்வையின் ஒரு நுனியை என்னிடம் நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது, ஆனால் அவள் அதை யாரிடமும் மறைத்ததில்லை, அதனால் அவளுக்குப் படம் பார்ப்பதில் இவ்வளவு கஷ்டம் இருந்ததில்லை.

ஆக, மாட்டிக்கொள்வேன் என்ற பயம் போய்விட்டது, மாட்டிக்கொண்டுதான் முப்பது வருஷம் ஆகிறதே. ஆனால் அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. உன் கடிதங்களை எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக நானே படித்தேன். பதினோரு வருஷத்தில் நாற்பத்தொரு கடிதம். வேலை நன்றாகப் போகிறது, அறை வசதியாக இருக்கிறது, குளிர் பழகிவிட்டது, கூட இருப்பவர்கள் தங்கமானவர்கள். மருந்துக்கடையில் பத்துப் பேர் முன்னால் சத்தமாகப் படிக்கக்கூடாத சொல் ஒன்றுகூட இல்லை. யார் படிப்பார், யாரெல்லாம் கேட்பார்கள் என்று தெரிந்துதான் நீ எழுதியிருக்கிறாய். ஒருத்திக்குப் பதினோரு வருஷம் எல்லாமே நன்றாகவா போகும், படத்தில்கூட அப்படி எடுக்க மாட்டார்களே கண்ணு. போனில் கேட்கலாம் என்றால் உன் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், வந்திருக்கிற அத்தை, மாமா எல்லாரும் உன்னை விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இனி உன் கடிதம் மருந்துக்கடைக்குப் போகாது. தபால்காரர் கையிலிருந்து நேராக என் கைக்குத்தான். ஒரு கடிதம் படிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆகும், ஆகட்டும், நான் மட்டும்தான் படிப்பேன், உன் அம்மாவிடம் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்பதையும் நீயே எழுதிவிடு. நன்றாக இல்லாததை நன்றாக இல்லை என்றே எழுது. எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடு.

உடம்பில் நோவும் மனசில் பாரமும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். சமையல் கத்தியைத் தட்டின் அடியில் தேய்த்துத் தீட்டாதே என்று எத்தனை தடவை சொல்வது, வரும்போது பெட்டியில் துணி சுற்றி வைத்துக் கொண்டுவா, நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்கு ஒன்பது நாள் பிடித்தது. அடுத்த வாரமும் உனக்கு எழுத உத்தேசம், ஒன்பது நாளை ஏழுக்குள் அடக்க வேண்டும் என்பதால் இன்று சாயங்காலமே தொடங்கிவிடுகிறேன். அதற்காக உன் பதிலைத் தள்ளிப் போடாதே, எழுதாமல் விட்ட பதினோரு வருஷத்தில் ஒரு வருஷத்தையாவது இந்தத் தபாலிலேயே அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா