நான் ‘போ’ என்று சொல்லவில்லை

ஜே.பி. நகர்,
பெங்களூரு.
9 ஜூன் 2025

அன்புள்ள க்ளென்,

நலமா? உன் அப்பாவுக்கு மூச்சிரைப்பு இப்போது எப்படி இருக்கிறது? என் எண்ணை நீ இன்னும் பிளாக் செய்துதான் வைத்திருக்கிறாய். அதனால் தபாலை நம்பி இறங்கிவிட்டேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

என் நாவலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். படித்திருக்க மாட்டாய் என்று தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வருங்காலத்து நகரம் ஒன்று, சுற்றிலும் மதில். யார் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அரசாங்கமே முடிவு செய்யும். நம் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்களே, அதை அப்படியே தூக்கித் தெரு ஒலிபெருக்கியில் போட்டுவிட்டேன். மூன்றாம் முறை பெயரை வாசித்துவிட்டால் தப்ப வழியில்லை. யாழி என்கிற பெண்ணுக்கு அவளுக்குப் பிடிக்காத ஒருவனை ஒதுக்குகிறார்கள். மூன்றாம் அழைப்புக்கு முந்தின நாள் அவள் மதிலைத் தாண்ட வருகிறாள். அவளைக் காதலிக்கும் காவலன் ஆதன் கதவைத் திறந்து, "போ" என்கிறான். அவள் போகிறாள். அவனைச் சுட்டுவிடுகிறார்கள்.

படிக்கிற பிள்ளைகள் யாழியை விட்டுவிட்டு ஆதனைப் பிடித்துக்கொண்டார்கள். அதே கதையை ஆதன் வாயால் சொல்லி இன்னொரு புத்தகம் வேண்டும் என்கிறது பதிப்பகம். நானும் உட்கார்ந்து பார்க்கிறேன், ஆதன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அவனில் பாதி நீ என்பது உனக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தச் சனிக்கிழமை உன் மனதில் என்ன ஓடியது? என்னைப் போகவிட்டபோது என்ன நினைத்தாய்? நாலு பக்கம் எழுதி அனுப்பினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய அன்புடன்,
ஹெலன்


லிங்கராஜபுரம்,
16 ஜூன் 2025

எழுத்தாளர் ஹெலன் மேரி அவர்களுக்கு,

மரியாதை இந்த ஒரு வரியோடு சரி.

உன் நாவலை இரண்டு தடவை படித்தேன். தமிழில் வந்தபோது நம் கோயில் பங்கில் நாலைந்து பேர்தான் படித்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு நடந்து சமாளித்தேன். ஆங்கிலத்தில் வந்தபிறகு என் ஒன்பதாம் வகுப்பே அதைத்தான் படிக்கிறது. கெமிஸ்ட்ரி பீரியடில் டெஸ்குக்கு அடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்கினேன். "சார், ப்ளீஸ் சார், ஆதன் சாகப் போறான் சார், அத மட்டும் முடிச்சிட்டுத் தர்றேன் சார்" என்று கண்ணில் தண்ணீரோடு கெஞ்சினாள். என் சாவுக்கு நானே அனுமதி கொடுத்துப் புத்தகத்தைத் திருப்பித் தந்தேன்.

ஆதனுக்கு நீ வைத்த மாதிரி என் கண் சாம்பல் நிறம் இல்லை. எங்கள் அப்பாவும் தாத்தாவும் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், எங்கள் வம்சத்தில் யாருக்கும் அப்படிக் கண் கிடையாது. நான் அளந்து பேசுகிறவனும் இல்லை, அது உனக்கு நன்றாகவே தெரியும். அதெல்லாம் போகட்டும். யாழிக்கு ஒதுக்குகிறார்களே ஒரு மாப்பிள்ளை, பெயர்கூட வைக்காமல், சாப்பிடும்போது சத்தம் போடுகிறான் என்று நாலு வரியில் முடித்துவிட்டாயே, அது யார்? ஓலை வாசித்தது உனக்கும் எனக்கும். நீ ஓடியது என்னிடமிருந்து. ஓடுவதற்குக் கதவைத் திறந்துவிட்டவனும் நானா? ஓர் ஆளை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வெறுத்து, மறு பாதியைக் கொன்று, கடைசியில் நீயே உட்கார்ந்து அழவும் செய்கிறாய். படிக்கிறவர்களையும் அழ வைக்கிறாய். என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டாய். எழுதிக்கொள். சிவாஜிநகர் தையற்கடையில் உன் கல்யாண கவுனை வாங்கப் போயிருந்தேன். டெய்லர் அதைத் தூக்கிப் பிடித்து, "நீளம் சரியா இருக்கா பாருங்க" என்றார். அப்போது உன் மெசேஜ் வந்தது. என்னால் முடியாது, ஏர்போர்ட்டில் இருக்கிறேன், மன்னித்துவிடு. "சரியா இருக்கு" என்று டெய்லரிடம் சொன்னேன். மதில் இல்லை, துப்பாக்கி இல்லை. நான் ‘போ’ என்று சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தால் ‘போகாதே’ என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கத்தான் நீ இல்லையே.

அன்று சாயங்காலம் ஃபாதர் கிளெமென்ட்டிடம் போய், கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்தான் என்றேன். உன் அம்மா தனியாக மர்பி டவுனில் அந்தத் தெருவிலேயே இருந்தாக வேண்டும், அவரை யாரும் வாய்க்கு வந்தபடி பேசிவிடக் கூடாது என்று நினைத்தேன். அதனால் பங்கில் நான் பெண்ணைக் கைவிட்டவன். உன் நாவலில் தியாகி. நிஜத்தில் நான் கைவிடப்பட்டவன், அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

நாலு பக்கம் தர முடியாது.

க்ளென்


ஜே.பி. நகர்,
24 ஜூன் 2025

அன்புள்ள க்ளென்,

நாலு பக்கம் தர முடியாது என்று சொல்ல மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கோபத்தில்கூட நீ தாராளம்தான்.

விளையாட்டை விடு. கவுன் விஷயம் எனக்குத் தெரியாது. பழியை நீ ஏற்றுக்கொண்டது தெரியும். அம்மா போனில், "க்ளென் பாத்துக்கிட்டான், நீ ஒண்ணும் வாயத் தொறக்காத" என்று சொன்னார். நானும் திறக்கவில்லை. அப்போது டெல்லியில் புது வேலை, புது அறை, பேசாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

ஆனால் ஒன்று, உன்னை வெறுத்து ஆதனைக் கொல்லவில்லை. உயிரோடு விட்டால் அவன் யாழியைத் தேடி வருவான். ஏன் போனாய் என்று கேட்பான். அவளிடம் சொல்வதற்குப் பதில் இல்லை.

உனக்காக ஒன்று செய்கிறேன். இந்தப் புத்தகத்தில் அந்தத் தையற்கடையை வைத்துவிடுகிறேன். கவுனைச் சீருடையாக மாற்றிக்கொள்ளலாம், டெய்லர் சொன்னது அப்படியே இருக்கட்டும், அது அருமையான இடம். ஆதனை விட்டுவிட்டுப் போனவள் யாழிதான் என்று எல்லாருக்கும் தெரியும்படி எழுதுகிறேன். உனக்கும் நியாயம் கிடைத்த மாதிரி ஆகும், இல்லையா?

என்றும் அன்புடன்,
ஹெலன்


லிங்கராஜபுரம்,
2 ஜூலை 2025

ஹெலன்,

நான் வயிறெரிந்து எழுதினால் உனக்கு அதில் ஓர் அத்தியாயம் கிடைக்கிறது. தையற்கடையைத் தொடாதே.

நியாயத்தைப் பற்றிப் பேசுகிறாயே, இதைக் கேள். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் பெயர் மௌரீன். ஆஸ்டின் டவுனில் வீடு, வங்கியில் வேலை. போன ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்து வெளியே வருவதற்குள் யாரோ அவள் அப்பா லாயிட் அங்கிளிடம் ஓதிவிட்டார்கள், இவன் ஏற்கெனவே இரண்டு ஓலை வாசித்தபிறகு ஒரு பெண்ணை நடுத்தெருவில் விட்டவன் என்று. இரண்டாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று அவர் நிறுத்தி வைத்துவிட்டார்.

மௌரீனிடம் நான் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லியிருக்கிறேன். அவள் அப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன். "எல்லா ஆம்பளையும் அப்பிடித்தான்பா சொல்லுவான். அந்தப் பொண்ணு வந்து சொல்லட்டும்" என்கிறார். உன் அம்மா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதுமே என்று மர்பி டவுனுக்குப் போய் நின்றேன். பிரிஜெட் ஆண்ட்டி காபி கொடுத்து உட்கார வைத்து, "பேப்பர்ல எல்லாம் அவ போட்டோ வருதுப்பா. இப்பப் போயி இதக் கெளறணுமா?" என்றார். அவருக்காகத்தான் அந்தப் பொய்யையே சொன்னேன், ஹெலன்! அந்தக் காபியை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு நாவலில் நியாயம் வேண்டாம். நீ ஆஸ்டின் டவுனுக்குப் போய், ஒரு மாடிப்படி ஏறி, லாயிட் அங்கிள் முகத்தைப் பார்த்து, விட்டுவிட்டுப் போனது நான்தான் என்று சொல்ல வேண்டும். மௌரீனை நான் இழக்க முடியாது. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

க்ளென்


ஜே.பி. நகர்,
8 ஜூலை 2025

அன்புள்ள க்ளென்,

வாழ்த்துகள். மனதாரத்தான் சொல்கிறேன், நம்பு.

இந்த வாரம் சென்னையில் ஓர் இலக்கிய விழா, அடுத்தது கொச்சி. அதனால் லாயிட் அங்கிளுக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நீயே கொடுத்துவிடு. நேரில் போனால் நான் உளறிவிடுவேன், எழுதினால்தான் எனக்குச் சரியாக வரும், உனக்குத் தெரியாததா? இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. படித்தால் அவர் கண் கலங்கிவிடுவார் பார்.

அன்புடன்,
ஹெலன்


லிங்கராஜபுரம்,
12 ஜூலை 2025

ஹெலன்,

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நன்றாக இருக்கிறது, அதுதான் கோளாறு. "காலம் எங்களைப் பிரித்தது" என்று எழுதியிருக்கிறாய். காலமா ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி பிடித்தது?

லாயிட் அங்கிள் கண் கலங்க வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே காட்டராக்ட். அவருக்கு விஷயம் தெரிந்தால் போதும். ஒரு பட்டாளத்தையே நிறுத்தி என்னைச் சுட உனக்குத் தைரியம் இருந்தது, ஒரு மாடிப்படி ஏற இல்லையா? வர முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி எழுதிப் போடு. எனக்காக மௌரீன் தினமும் அவள் அப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

க்ளென்


ஜே.பி. நகர்,
21 ஜூலை 2025

க்ளென்,

நேற்றுப் போனேன். கொச்சிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் லாயிட் அங்கிள் கதவைத் திறந்ததும் மறந்துபோனது.

"அந்தப் புஸ்தகம் எழுதுன பொண்ணா? உள்ள வாம்மா" என்றார். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"அங்கிள், கல்யாணத்த நிறுத்துனது நான். க்ளென் இல்ல."

"ஏம்மா? குடிச்சானா? கை நீட்டினானா?"

"இல்ல அங்கிள்."

"பின்ன?"

"பயமா இருந்துச்சு. வேற ஊர் போயி வேற மாதிரி இருக்கணும்னு தோணுச்சு. சொல்லிட்டுப் போக தைரியம் இல்ல."

காரணம் அவ்வளவுதான். இதை மறைப்பதற்குத்தான் ஒரு நகரத்தையே கட்டி மதில் எழுப்பினேன் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

கிளம்பலாம் என்று பார்த்தால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் மேல் இல்லை, உன் மேல். "ஓலைய நிறுத்துனான்னு நெனச்சேன், அதக்கூட மன்னிச்சிருப்பேன். ஃபாதர் மூஞ்சப் பாத்துப் பொய் சொல்லியிருக்கான்! ஆறு வருஷம் பங்கையே நம்ப வெச்சிருக்கான். இவ்ளோ நல்லாப் பொய் சொல்றவனுக்கு எப்பிடிம்மா பொண்ணக் குடுக்கிறது?" உதவ வந்து கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மௌரீன் உள்ளேயிருந்து வந்தாள். "டாடி, இவங்க அம்மாவக் காப்பாத்தத்தான் அவரு பொய் சொன்னாரு. என்கிட்ட மொதல்லயே எல்லாம் சொல்லிட்டாரு. கட்டிக்கப் போறது நானு" என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே வரைக்கும் வந்து வழியனுப்பினாள். "உங்க புக் படிச்சேன். அந்த ஆதன எனக்குப் பிடிக்கல" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அவனுக்கு ஒரு தரம்கூடக் கோவமே வரலியே. விட்டுட்டுப் போறவளப் பாத்து சிரிச்சிக்கிட்டே சாவுறான். எங்க க்ளென்னுக்கு உங்க மேல எவ்ளோ கோவம் தெரியுமா? உங்க பேச்சு வந்தா வண்டிய ஓரமா நிறுத்திட்டுத் திட்டுவாரு."

ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். உன் கோபத்தைப் பார்க்கப் பயந்துதான் அன்று ஏர்போர்ட்டிலிருந்து மெசேஜ் அனுப்பினேன். அதே பயத்தில்தான் கோபமே வராத ஒருவனை உண்டாக்கி உன் இடத்தில் நிறுத்தினேன். ஆதன் கதை என்னால் முடியாது என்று பதிப்பகத்துக்குச் சொல்லிவிட்டேன்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது, க்ளென். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இந்த ஒன்றரை மாதமாக உன் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு வேலை. அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் டெல்லிக்கே போகாத மாதிரி இருக்கிறது.

உன்,
ஹெலன்


லிங்கராஜபுரம்,
11 ஆகஸ்ட் 2025

ஹெலன்,

லாயிட் அங்கிள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு, "ஃபாதர்கிட்ட சொன்ன பொய்ய மொதல்ல திருப்பி வாங்கிட்டு வா, அப்பறம் பாக்கலாம்" என்றார். போனேன். ஃபாதர் கிளெமென்ட் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மன்னிப்புக் கேட்க வந்தவனை ஒரு சாமியார் இப்படித் திட்டலாமா என்றுகூட நினைத்தேன். உன் அம்மாவிடமும் போய், இனி யார் கேட்டாலும் நடந்ததைத்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் என்னால் இனி முடியாது.

நேற்று இரண்டாம் ஓலை வாசித்தார்கள். லாயிட் அங்கிள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நீ படியேறியதற்கு நன்றி. உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஆதன் கதையை எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம். அவன் பிழைத்திருக்கலாம் என்று என் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் புலம்புகிறார்கள், அவர்களுக்காகவாவது எழுது. நான் படிக்கப் போவதில்லை.

திட்டி எழுதச் சொன்னாய். பூசை முடிந்து வந்து பேனாவோடு உட்கார்ந்தேன். "உன்னை என்ன செய்தால் தகும்" என்று பழக்கத்தில் ஒரு வரி வந்தது. அதற்கு மேல் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மோதிரம் பார்க்கப் போகலாமா என்று மௌரீன் போன் செய்தாள், பேப்பரை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டேன்.

இந்த ஆறு வருஷமாக உன்னோடு எனக்கு மிச்சமிருந்தது கோபம் ஒன்றுதான். அது தீர்ந்துவிட்டது. இனி எனக்கு எழுதாதே.

க்ளென்