எட்டு மாதமாகச் சொல்லாத கால்வலி

திண்டிவனம்
ஜனவரி 12

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள மாமாவுக்கு, லூசியா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். அத்தைக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. நீங்களும் நலம்தானே என்று வழக்கப்படி எழுத மாட்டேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் சிரித்து மழுப்புகிறீர்கள்.

டிசம்பரில் பரீட்சை எழுத டெல்லி வந்த என் தம்பி ஜெனித், சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை, நீங்கள் காவல் நிற்கும் போர் நினைவிடத்தில் காத்திருந்தான். காவலர் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தானாம். நீங்கள் இல்லை. மறுநாள் போனில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மச்சானப் பாத்தேன், நீலச் சட்டையில சூப்பரா இருந்தான். டூட்டில பேசக் கூடாது, அதான் கண்டுக்காம நின்னுக்கினு இருந்தேன்" என்றீர்கள். நீலச் சட்டை, அவன் காலையில் ஸ்டேட்டஸில் வைத்த படத்தில் இருந்தது. சாயங்காலம் குளிர் தாங்காமல் கழுத்துவரை சிவப்பு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு போயிருந்தான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

முதலில் வேறு பெண்ணோ என்றுதான் புத்தி போனது. இரண்டு நாள் மனதுக்குள் உங்களைக் கிழி கிழியென்று கிழித்தேன். பிறகுதான் இன்னொன்று உறைத்தது. நினைவிட டூட்டி கிடைத்த நாளிலிருந்து, போனை எடுத்ததும் நீங்கள் பேசுவது கால்வலியைப் பற்றித்தான். ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்றால் பாதம் மரத்துவிடும், பூட்ஸுக்குள் விரலை மட்டும் மடக்கி மடக்கி ரத்தம் ஓட வைப்பேன், வெளியே தெரியாது என்பீர்கள். இந்த எட்டு மாதமாகக் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிற்கிற மனிதனுக்குக் கால் வலிக்காதா? வீடியோ காலிலும் நெஞ்சுக்கு மேலேதான் தெரிகிறீர்கள். எழுந்து ஜன்னலைக் காட்டுங்கள் என்றால் உடனே நெட் போய்விடுகிறது.

உங்களோடு வேலை செய்யும் வளவனூர் ராஜ்குமார் அண்ணன் லீவில் வந்தவர், போன வாரம் வீட்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே காபி குடித்தார். கிளம்பும்போது, "வாசல்ல படி எத்தினி இருக்குது தங்கச்சி? பாத்ரூமு உள்ளயே இருக்குதா?" என்று கேட்டார். வீடு வாங்கவா வந்தார்? ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "அதெல்லாம் பிரவீனே சொல்லுவாம்மா" என்று ஜல்தியாகச் செருப்பை மாட்டினார்.

அதனால்தான் இதை டெல்லி முகவரிக்குத் தபாலில் போடவில்லை. நாளை விழுப்புரத்தில் ரயிலேறும் அவர் கையிலேயே கொடுக்கப்போகிறேன். நீங்கள் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாலும் அவருக்கு வழி தெரியும்.

ஒரு காலா, இரண்டுமா? எல்லைக்கு மாற்றினார்களா, வண்டி கவிழ்ந்ததா? தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது. அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. முந்தாநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டு வாசல்படி மூன்றையும் இடித்துச் சரிவாகப் பூசச் சொன்னேன். எதுக்குடி என்று அத்தை கேட்டார். ஸ்கூட்டி ஏற்ற என்றேன். நம் வீட்டில் ஸ்கூட்டி இல்லை. அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். இன்றைக்கும் மூன்று வேளை ஊற்றினார்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அதை நேரில் காட்டிக்கொள்கிறேன். மாதா உங்களைக் காக்கட்டும். எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வாருங்கள் மாமா. இங்கே யாரும் உங்களை நிற்கச் சொல்ல மாட்டோம்.

உங்கள்
லூசியா