அத்தாவின் ஆணையும் ஒரு பிடிப் புல்லும்

என் அன்பான அத்தா,

உங்கள் கபுரில் அல்லாஹ் வெளிச்சம் தரட்டும். நீங்கள் போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனேன். அதனால்தான் இன்று அம்மா உயிரோடு இருந்தபோது சொல்லிக்கொடுத்த அரபுத்தமிழ் எழுத்தில் எழுத உட்கார்ந்தேன். யார் படித்தாலும் படிக்கட்டும். இதில் மறைக்க எதுவும் இல்லை.

மாரிகுப்பம் அப்படியேதான் இருக்கிறது. கல் இடிக்கும் ஆலை ராப்பகலாக இடித்துக்கொண்டே இருக்கிறது. தங்கச் சுரங்கத்துப் பாய்லர்களுக்கு ரயிலில் கரி வந்து இறங்குகிறது. உங்களைப் போல விறகு ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் அநேகமாக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நம் மாடுகள் இரண்டும் பூதிகோட்டையில் ஒரு குடியானவர் வீட்டில் ஏர் உழுகின்றன. நன்றாக வைத்திருக்கிறாராம்.

எனக்கு இடுப்புதான் இன்னும் நேராகவில்லை. உங்களைப் புரட்டிப் படுக்கவைத்து, தூக்கி உட்காரவைத்து வந்த வலி. குறையாகச் சொல்லவில்லை அத்தா. வலியை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

இஸ்மாயில் அண்ணனின் உடம்பைச் சுரங்கக் கூண்டில் வைத்து மேலே கொண்டுவந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். உள்ளே பாறை சரிந்துவிட்டது என்றார்கள். நீங்கள் அழவில்லை. "யாகூபு நபியோட மவன் கெணத்துல இருந்து ஏறி வந்தான். என் மவன் ஏறி வர்ல," என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் தம்பி காசிம் சுரங்கத்தில் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். நான் புருஷனை இழந்து உங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்த சமயம் அது. அடுப்படியில் இருந்தேன்.

"வண்டி ஒண்ணுக்கு ரெண்டு பேர் எதுக்கு அத்தா? ரயிலு வந்தப்புறம் வெறகு யாரு கேக்கறாங்க?" என்றான்.

"எங்க எறங்கப் போற?"

"அண்ணன் எறங்குன ஷாப்டுலதான்."

நீங்கள் எழுந்து நின்றீர்கள். குரலைக்கூட உயர்த்தவில்லை. "அல்லா மேல ஆணை. அந்தக் குழியில எறங்குறவன், நான் உசுரோட இருக்கற வரிக்கும் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது."

நீங்கள் வேறு ஏதாவது சொல்வீர்கள் என்று அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு துணிமூட்டையை எடுத்துக்கொண்டு கூலிக்காரர்களின் தட்டி வீடுகளுக்குப் போய்விட்டான். கிழவனுக்கு எவ்வளவு கோபம் பார் என்று தெரு பேசியது. அது கோபம் இல்லை, பயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பிறகு வாதம் வந்து உங்கள் இடப்பக்கம் விழுந்தது. பேச்சு மட்டும் தப்பியது. செய்தி கேட்டதிலிருந்து காசிம் ஷிப்ட் முடிந்ததும் நேராக நம் சந்துக்கு வந்துவிடுவான். சுவருக்கு வெளியே நின்று, "அக்கா, அத்தா சாப்ட்டாரா?" என்பான். நான் உள்ளேயிருந்தே பதில் சொல்வேன். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். அவன் போனதும், "அவன் இன்னாத்துக்கு இப்டி இருமுறான்?" என்று என்னைக் கேட்பீர்கள். அவனிடம் கேட்கக் கூடாதா என்று நான் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வீர்கள்.

பள்ளிவாசல் லெப்பை வந்து பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "ஒறவ வெட்டற ஆணைய முறிக்கறதுதான் நல்லதுங்க. பத்து ஏழைங்களுக்குச் சோறு போடுங்க, அல்லா மன்னிப்பான்."

"அல்லா பேர நாக்குல வச்சிட்டு இப்ப துப்பச் சொல்றீங்களா லெப்பை?" என்றீர்கள். அவர் தலைகுனிந்து போய்விட்டார்.

அந்த நாட்களில் வலி வந்தால் உங்களுக்கு அய்யூபு நபி கதைதான் வேண்டும். செல்வம் போனது, பிள்ளைகள் போனார்கள், உடம்பில் நோய் பிடித்தது, ஆனாலும் நாக்கு அல்லாஹ்வைப் புகழ்வதை நிறுத்தவில்லை என்ற இடம் வந்ததும் உங்கள் கண் நிறைந்துவிடும். எனக்கு நிறையாது. நான் அவர் பீவியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். எல்லாரும் விட்டு ஓடிய பிறகு, ஊரார் வீட்டில் வேலை செய்து அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தாளாமே, அவளுடைய சபுரை, அந்தப் பொறுமையை, ஏன் யாரும் பேசுவதில்லை? ஒருவேளை நான் களைத்திருந்ததால் அப்படித் தோன்றியதோ என்னவோ.

ஒரு நாள் உங்கள் துணிகளைத் துவைத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். "கத சொல்லும்மா" என்றீர்கள். சொன்னேன். ஆனால் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தவில்லை.

"நோயில இருக்கறப்போ பொண்டாட்டி மேல ஏதோ கோவம். நல்லாயி எந்திரிச்சதும் நூறு அடி அடிக்கறேன்னு ஆணை இட்டுட்டாரு. அப்புறம் நோய் போச்சு. ஆணை நிக்குது. இன்னா பண்ணாரு அத்தா?"

"உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள். "நூறு புல்ல ஒரே பிடியா எடுத்து ஒரே ஒரு தபா அடிச்சிடுன்னான் அல்லா."

"ஏன் அப்டி சொன்னான்? ஆணைய ஒடச்சிடுன்னு சொல்லியிருக்கலாம். இல்ல, சொன்னபடி நூறும் அடின்னு சொல்லியிருக்கலாம்."

"ஆணையும் நிக்கணும். அந்தம்மாவுக்கும் வலிக்கக் கூடாது."

துணிந்து கேட்டுவிட்டேன். "காசிம் வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுதான அத்தா உங்க ஆணை? நீங்க தாண்டக் கூடாதுன்னு இல்லியே."

நீங்கள் கண்ணைத் திறந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைத் திட்டப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு மெதுவாக, "கட்டில தூக்க ஆள் வேணுமே" என்றீர்கள்.

பக்கத்து வீட்டு முனியம்மாவையும் அவள் புருஷனையும் கூப்பிட ஓடினேன். "இன்னாக்கா, பெரியவருக்குக் காத்து வேணுமாமா?" என்று கேட்டாள். "காத்து இல்ல முனியம்மா. மவன் வேணுமாம்," என்றேன். அவள் சொளகைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நிலையில் இடிக்காமல் கட்டிலைச் சாய்த்து, சந்தில் கொண்டுவந்து போட்டோம். வெயிலைக் கண்டு எத்தனையோ நாளான உங்கள் முகம் கூசியது.

ஷிப்ட் முடிந்த சங்கு ஊதியது. சந்து முனையில் திரும்பிய காசிம் உங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான். உடம்பு முழுக்கக் கல்தூசு. உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதனால்தான் வெளியே கிடத்தியிருக்கிறோம் என்று நினைத்தானாம். நீங்கள் வலக்கையை அசைத்த பிறகுதான் கிட்டே வந்தான். கட்டில் காலருகே மண்ணில் உட்கார்ந்தான்.

நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். "கூண்டுல எறங்கறப்போ இன்னா ஓதுற?"

"யூனுஸ் நபி மீன் வயித்துல ஓதுனத."

"யாரு சொன்னது?"

"அண்ணன்தான், அத்தா. அவன் தெனம் அதத்தான் ஓதுவான்."

"ஓதுனவன் வர்லியேடா" என்றீர்கள். இன்றைக்கும் நான் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் அத்தா. மீன் வயிற்றிலிருந்து ஒருவரை மீட்டவன் எங்கள் அண்ணனை ஏன் உள்ளேயே விட்டான்? லெப்பையிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவரும் பொறுமையாக இரு என்றுதான் சொன்னார். நீங்களோ அன்றைக்குக் காசிம் தலைமேல் கையை வைத்து, "நீ ஓதறத வுட்றாத" என்றீர்கள். தூசு படிந்த அந்தத் தலையிலிருந்து உங்கள் கை வெகுநேரம் இறங்கவில்லை.

அதன் பிறகு தினமும் சங்கு ஊதுவதற்கு முன்னால் கட்டில் சந்துக்கு வந்துவிடும். மழை பிடித்தால் முனியம்மாவும் நானும் கோணியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கை கடுத்துப்போகும். நீங்கள் இருவரும் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பீர்கள். சுரங்கத்தைப் பற்றி ஒரு பேச்சு எடுக்க மாட்டீர்கள்.

நீங்கள் மவுத்தான அன்று அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். செய்தி போய் ஓடிவந்த காசிம், வாசலுக்கு வந்ததும் கால் கட்டிப்போட்டது போல நின்றுவிட்டான். நான்தான் வெளியே வந்து, "உள்ள வாடா. ஆணை முடிஞ்சுபோச்சு," என்றேன். பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி தயங்கித் தயங்கி வந்தான். உங்களைக் குளிப்பாட்டியதும் அவன்தான். ஜனாஸாவைத் தூக்கியபோது முன்பக்கம் தோள் கொடுத்ததும் அவன்தான்.

ஒன்று கேட்கட்டுமா அத்தா? நீங்கள் ஆணையையும் காப்பாற்றினீர்கள், மகனையும் பெற்றுக்கொண்டீர்கள். ஊரே அதைச் சிறப்பாகப் பேசுகிறது. லெப்பைகூட வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் எடுத்துச் சொன்னாராம். ஆனால் அந்தப் பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டிருந்தால், ஒரு நாளாவது வீட்டுக்குள் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருப்பீர்களே. அல்லாஹ் எளிய வழியையும்தானே திறந்து வைத்திருந்தான்? சில நாள் நீங்கள் செய்தது சரி என்று படுகிறது. சில நாள் அப்படிப் படவில்லை.

காசிம் இப்போது என்னோடுதான் இருக்கிறான். இன்னும் அதே ஷாப்டில்தான் இறங்குகிறான். இருமல் கூடியிருக்கிறது. போன வாரம் விரல் நசுங்கி, துணி சுற்றிக்கொண்டு வந்தான். அதைக் கண்டதும் என் நாக்கு நுனிக்கும் ஓர் ஆணை வந்துவிட்டது. அன்றைக்கு நீங்கள் எழுந்து நின்ற இடத்திலேயே நானும் நின்றுகொண்டிருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பயம் எப்படி ஆணையாக மாறுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. உங்கள் மேல் எனக்கு மிச்சமிருந்த கோபமும் அதோடு தீர்ந்தது.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஆணை இல்லை அத்தா, வெறும் வாக்குதான். போகாதே என்று காலையில் அவனோடு சண்டை போடுவேன். தினமும் போடுவேன், அதை என்னால் விட முடியாது. ஆனால் திரும்பி வருகிறவனை ஒரு நாளும் வெளியே நிற்கவைக்க மாட்டேன்.

சங்கு ஊதிவிட்டது. வெந்நீர் வைக்கப் போகிறேன்.

உங்கள் துஆவை நம்பி இருக்கும் மகள்,
இஸ்மாயிலின் தங்கை, காசிமின் அக்கா,
ஹலீமா