மஞ்சள் அடிக்காத வயல்

செப்டம்பர் 9
இந்த மாவட்டத்தில் இனிமேல் வீடுகள் எங்கெங்கே வரலாம் என்று வரைபடம் போடும் வேலை என் மேசைக்கு வந்திருக்கிறது. குடியிருப்புக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை. வீட்டில் என்ன மீன் வாங்குவது என்றுகூட என்னிடம் யாரும் கேட்டதில்லை.

செப்டம்பர் 14
தம்பி எட்சன் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போவதாக இல்லை. அஜிஷாவைப் பேசி வைத்திருக்கிறது. பெண்வீட்டார் கேட்பது ஒன்றுதான்: கல்யாணத்துக்கு முன் தனி வீடு. இராஜாக்கமங்கலம் ரோட்டுப் பக்கம் அப்பா விட்டுப்போன வயலில் கட்ட வேண்டுமாம்.
"ஒரு கலருதானேக்கா. பச்சைய மஞ்சளாக்க எவ்வளவு நேரம் ஆவும்?"
நேரமே ஆகாது. அதுதான் பிரச்சினை.

செப்டம்பர் 28
எட்சன் வயலில் வாழை நட்டுவிட்டான். வயலை மனையாக்க நம் ஊர் வழக்கம்தான். முதலில் வாழை, பிறகு தென்னை. தோப்பு என்று ஆனபின் வீடு. ஊரில் எல்லோரும் வருடக்கணக்கில் பொறுமையாகச் செய்வதை இவன் ஒரே மாதத்தில் முடிக்கப் பார்க்கிறான்.

அக்டோபர் 21
கள ஆய்வு. விடாத மழை. மேலதிகாரி பகவதியப்பன் சாரும் நானும் வரப்பில் நின்றோம். வாழைக்கன்றுகள் பாதி தண்ணீருக்குள். சில மிதந்தன.
"எம்மா, இது யாரு வயலு? வாழைக்கு நீச்சல் படிச்சுக் குடுக்கானோ?"
"என் தம்பிதான் சார்."
சார் குடையைக் கை மாற்றிப் பிடித்தார். ஜீப்பில் ஏறிய பிறகு சொன்னார்: "தோப்புன்னு எழுதினா நான் கையெழுத்துப் போடுவேன். நீயே பாத்துக்கோ."
குளம் நிறைந்து மறுகால் விழுகிற தண்ணீர் இந்த வயல் வழியாகத்தான் போகிறது. இங்கே வீடு வந்தால் அது பக்கத்துத் தெருவுக்குள் போகும். வயல் என்றே எழுதினேன்.

அக்டோபர் 22
வீட்டில் சொல்லிவிட்டேன்.
"ஊராருக்கெல்லாம் எடம் பாத்துக் குடுப்பா. கூடப்பொறந்தவனுக்கு மட்டும் கிடையாது," என்றான் எட்சன். அம்மா, "ஏட்டி ஷைஜா, நீ ஒரு பொம்பளையாட்டி?" என்றாள்.
நான் என்னத்தச் செய்யணும்? அடுத்தவன் வீட்டுக்குள்ள வெள்ளம் போனா எனக்கென்னன்னு இருக்கணுமா? பெண்வீட்டுக்காரங்க வேண்டாம்னு போயிட்டா அதுக்கும் நான்தானா? — அழுதேன். சாப்பிடவில்லை.

அக்டோபர் 30
எட்சன் என்னிடம் பேசுவதில்லை. டிவி ரிமோட்டைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்கிறான்.

டிசம்பர் 3
வீடு வேண்டும் என்பது பொய்யில்லை. வயலைத் தொடாமல் எங்கே வைப்பது? டவுனுக்குள் மாடியில்லாத வீடுகள் நிறைய. சிறிய மனையிலும் மாடி எடுக்கலாம் என்று விதி எழுதினேன். ஆனால் பக்கத்து வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். வீட்டைச் சுற்றி விட்ட இடத்தில் எதுவும் வரக் கூடாது, படிக்கட்டுகூட.
சார் படித்துவிட்டு, "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார்.

மே 12
விதி அமலுக்கு வந்தது. நாகர்கோவிலில் எங்கள் தெருவும் அதில் உண்டு. எனக்கு அது தோன்றவே இல்லை. எட்சனுக்குத் தோன்றியிருக்கிறது. இத்தனை மாதம் கழித்து நேராக என்னிடமே வந்தான்.
"அக்கா, நம்ம வீட்டுக்கு மேல மாடி எடுக்கலாம் இல்லியா? அஜிஷா வீட்டுல சம்மதிச்சாச்சு."
எடுக்கலாம் என்றேன். சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ராத்திரி மீன்தலை எனக்குத்தான் வந்தது.

மே 20
இன்ஜினியர் ஜினோ பிளான் கொண்டுவந்தார். படிக்கட்டை வெளியே வைக்க முடியாது. என் விதி. உள்ளே வைக்கத் தோதான இடம் ஒன்றே ஒன்று. என் அறை.
"அக்கா, இந்த ஒரு விதிய மட்டும் கொஞ்சம் தளர்த்தப்பிடாதா?" என்றான் எட்சன். பாவம், எனக்காகத்தான் கேட்டான்.
முடியாது என்றேன்.

ஆகஸ்ட் 24
இன்று மாடி வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம். அடுத்த மாதம் கல்யாணம். நான் இப்போது முன்னறையில் அம்மாவோடு படுக்கிறேன். அம்மா குறட்டை விடுகிறாள், கேட்டால் இல்லை என்கிறாள்.
போதகர், பகவதியப்பன் சார், அஜிஷா வீட்டார் எல்லோரும் மேலே போனார்கள். புது டைல்ஸ் என்று செருப்பைக் கீழே படிக்கட்டடியிலேயே விட்டிருந்தார்கள். என் கட்டில் கிடந்த இடமெல்லாம் செருப்பு.
"அக்கா, நீ வராம ஜெபம் தொடங்கமாட்டோம்!" மேலிருந்து எட்சன்.
என் செருப்பையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு ஏறினேன்.